குறைந்த பொத்தான்களோடு ஆடுவது எப்படி

1

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி ஒவ்வொரு வருடமும் என்னைத் தடுமாற வைக்கும். இந்த நாட்டில் உங்களை நன்றாக அறிந்த இருவரின் பெயரும் முகவரியும். ஆறு வருடமாக என் கணவர் குமாரின் சித்தப்பா பெயரையும் அத்தை பெயரையும் எழுதிவந்தேன். நான் திருச்சிக்காரி, புள்ளியியல் படித்தவள், மீன் குழம்பில் புளி அதிகம் போடுகிறவள் என்பதற்கு மேல் அவர்களுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

போன வாரம் ஏழாவது முறையாக அந்தப் படிவத்தை நிரப்பினேன். யோசிக்காமல் டோ ம்யா, ஊ டின் என்று எழுதிவிட்டேன். டோ, ஊ, மா என்பவை இங்கே பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொற்கள். எழுதி முடித்த பிறகுதான் பயம் வந்தது. உறவில்லாதவர்களை எழுதலாமா? இவர்களை எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? சீட்டாட்டத்தில் என்று குடியேற்ற அலுவலகத்தில் சொல்ல முடியுமா? வெள்ளை மை வாங்கி அழித்து எழுதலாமென்றால், அடித்தல் திருத்தல் இருந்தால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கவுன்டரில் இருந்த பெண் அதைக் கேட்கவே இல்லை. என் பர்மியப் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள். இங்கே மரியாதையாகப் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் ஒரு சொல்லும் பெண்கள் வேறொரு சொல்லும் சேர்ப்பார்கள். நான் குமாரிடமிருந்து மொழி கற்றவள். முதல் இரண்டு வருடம் ஆண்பிள்ளை மாதிரியே பேசியிருக்கிறேன். திருத்திக்கொண்டு வெகுநாளாகிறது. ஆனால் பதற்றம் வந்தால் பழைய சொல்தான் வாயில் வருகிறது. அன்றும் வந்தது. என் ஆறு வயது மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "மேமே, ஷின் சொல்லு, ஷின்" என்று என் துப்பட்டாவை இழுத்தாள். மேமே என்றால் இங்கே அம்மா. அவள் என்னைத் தமிழில் அம்மா என்று கூப்பிடுவது உடம்புக்கு முடியாதபோது மட்டும்தான்.

அந்த இரண்டு பெயர்களும் என் படிவத்துக்குள் எப்படி வந்தன என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். ஏன் யோசித்தேன் என்பது படிக்கும்போது தெரியும்.

2

எங்கள் வீடு லான்மடா பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடி. கரன்ட் நான்கு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு ஜெனரேட்டர் உண்டு, மீசெட் என்போம். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடும். அதற்கு மேல் எதைச் செருகினாலும், ஃபேனை நிறுத்திவிட்டு வேறு மெஷினைச் செருகினாலும், ஃபியூஸ் போய்விடும்.

மகளுக்கு மூன்று வயதிலிருந்து வீசிங். மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும், அப்போது அதிகமாகும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் நெபுலைசரில் மருந்து ஊற்றி, முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்க வேண்டும். கரன்ட் இல்லாத நேரத்துக்காக ஒரு பேட்டரி வாங்கினோம். அது பழசாகி, எட்டு நிமிடத்தில் நின்றுவிடும். மருந்து பாதி கிண்ணத்திலேயே கிடக்கும். மகளைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கி, டாக்ஸி பிடித்து, கரன்ட் உள்ள கிளினிக்கைத் தேடி ஓடுவேன். அந்தப் படிகளில் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போனில் முதல் நாளே சொல்லிவிட்டாள். "சுமதி, பொம்பளப் புள்ளைக்கு இளைப்புன்னு ஊரு பூரா சொல்லி வைக்காத. நாளைக்கு ஒரு எடத்துல பேசப் போனா அதுதான் முன்னாடி வந்து நிக்கும்."

"அவளுக்கு மூணு வயசும்மா."

"மூணு முப்பதாக எத்தன நாளாகும்? சொன்னதச் செய்யி."

செய்தேன். சொன்னதைச் செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். பள்ளிக்கூடப் படிவத்தில் நோய் எதுவும் இல்லை என்று எழுதினேன். அது தவறு என்று எனக்குத் தெரியும்; இன்னும் அதை நினைத்தால் தூக்கம் வராது. இரண்டாம் மாடியில் இருக்கும் தையற்காரர் ஊ டின் ஒரு நாள் படியில் நின்று, "மா சுமதி, உங்கள் வீட்டில் ஏதோ இரைச்சல் கேட்கிறதே?" என்றார். பதறிப்போய், வாயில் வந்ததைச் சொன்னேன். "தையல் மெஷின்."

முப்பது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அதைச் சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். மறுவாரம் எனக்கு ஒரு பாக்கெட் மெஷின் ஊசி கொண்டுவந்து கொடுத்தார்.

3

கட்டடத்தில் போக்கர் தொடங்கியது ஊரடங்கு நாட்களில். வெளியே போக முடியாத சாயங்காலங்களில் முதல் மாடி டோ ம்யா வீட்டில் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். டோ ம்யா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. காசு வைக்கக் கூடாது என்பது அவர் விதி. ஊ டின் கடையிலிருந்து வந்த பொத்தான்கள்தான் பந்தயம். சட்டையின் வெள்ளைப் பொத்தான் இருபத்தைந்து, கோட்டின் கறுப்புப் பொத்தான் நூறு. நான் எப்போதாவது போய் உட்காருவேன். படித்தது புள்ளியியல் என்பதால் ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, அதில் நல்ல ஐந்தைச் சேர்க்கிறவர் ஜெயிப்பார். அவ்வளவுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஜெனரேட்டரை மாற்றினார்கள். புதியதிலிருந்து ஒரு பெரிய லைன் கூடுதலாக எடுக்கலாம். ஒரே ஒரு வீட்டுக்கு. ஆறு வீட்டுக்காரர்களும் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். கீழே கடை வைத்திருக்கும் காசிம் பாய்க்கு ஃப்ரீஸர் ஓட வேண்டும். தயிரும் ஐஸும் விற்கிறவர். முன்பொரு தடவை எதற்கோ சீட்டுக் குலுக்கிப் போட்டதில், குலுக்கியவர் மேலேயே சந்தேகம் வந்து பெரிய சண்டை. அதனால் டோ ம்யா சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் வைக்கலாம். ஜெயிக்கிற வீட்டுக்கு ஆறு மாதம் லைன்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நிமிடமே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அப்போதே கொஞ்சம் விநோதமாக இருந்தது.

"நீங்க போய் ஆடுங்க" என்றேன் குமாரிடம்.

"நானா? எனக்கு நல்ல சீட்டு வந்தா காது செவந்துரும். தெருவுல போறவனுக்குக்கூடத் தெரிஞ்சுரும். நீ ஆடு. நீதான் கணக்குப் புலி."

"போலீஸ் வந்தா? நான் வெளிநாட்டுக்காரி. சீட்டாடினான்னு எழுதிட்டா பர்மிட் போச்சு."

"பொத்தான் வச்சு ஆடுறவங்கள யாரு புடிப்பா? புடிச்சா சட்ட தைக்க வந்தோம்னு சொல்லு."

அவருக்கு எல்லாம் சிரிப்பு. ஞாயிறுகளில் அவருக்குப் படகுத்துறையில் வேலை. எனக்கு மூன்று வாரம் இருந்தது.

4

மூன்று வாரமும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். நோட்டுப் போட்டுத் தமிழில் எழுதிவைத்தேன். மகள் எட்டிப் பார்த்து, "மேமே, ஹோம்வொர்க்கா?" என்று பர்மியில் கேட்டாள். ஆமாம் என்றேன். தமிழ் எழுத்து அவளுக்குப் பூ வரைந்த மாதிரிதான். "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். சாதாரண ஆட்டத்தில் நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கலாம். டோர்னமென்டில் முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பே இரண்டு பேர், ஒருவர் சின்னதாக, ஒருவர் பெரிதாக, கட்டாயமாகப் பந்தயம் வைக்க வேண்டும். அதற்குப் பிளைண்ட் என்று பெயர். கால் மணிக்கொரு தரம் அது இரட்டிப்பாகும். நாம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் பொத்தான் கரைந்துகொண்டே இருக்கும். அதனால் கையில் எத்தனை பொத்தான் இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. பெரிய பிளைண்டால் வகுத்தால் எத்தனை வருகிறது என்பதுதான் கேள்வி.

அறுபது வந்தால் நிதானமாக ஆடலாம். சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு நடுச்சீட்டு என்ன வருகிறது என்று கொஞ்சம் கொடுத்து எட்டிப் பார்க்கலாம். இருபதுக்கு வந்துவிட்டால் எட்டிப் பார்ப்பதற்கே கையில் இருப்பதில் ஒரு நல்ல பங்கு போய்விடும். முந்திக்கொண்டு பந்தயத்தை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தைவிட்டு விலக வேண்டும். பத்துக்குக் கீழே வந்தால் இரண்டே வழி. எல்லாவற்றையும் நடுவில் தள்ளி ஆல்-இன், அல்லது கவிழ்த்து ஃபோல்டு. ஆல்-இன் வைக்கிறவருக்கு ஜெயிக்க இரண்டு வாசல் உண்டு. மற்றவர்கள் பயந்து கவிழ்க்கலாம். கவிழ்க்காவிட்டாலும் நம் சீட்டு ஜெயிக்கலாம். வெறுமனே கூடவே பந்தயம் கட்டிப் போகிறவருக்கு ஒரே வாசல்தான்.

ஆனால் மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். தோற்றாலும் நஷ்டமில்லை என்று எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் ‘கால்’ சொல்லி நம் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டுவார்கள். ஆகவே, மற்றவர்களுக்கு வலிக்கிற அளவுக்குக் கையில் மிச்சம் இருக்கும்போதே துணிய வேண்டும். மலைபோல் பொத்தான் வைத்திருப்பவர் வேறு மாதிரி. ஒரு ஆட்டம் தோற்றாலும் அவர் மேஜையில் இருப்பார். அதனால் நடுத்தரமாக வைத்திருப்பவர்களை நெருக்கிக்கொண்டே இருப்பார்.

கடைசியாக ஒன்று. எங்கள் போட்டியில் இரண்டாம் பரிசு கிடையாது. கடைசிவரை தாக்குப்பிடித்தேன் என்பதற்கு மதிப்பெண் இல்லை. இந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

5

அத்தனையும் படித்துவிட்டு ஞாயிறு மதியம் போய் உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? காத்திருந்தேன். ஆளுக்கு மூவாயிரம். பிளைண்ட் ஐம்பதாக இருந்தபோது காத்திருந்தேன், நூறானபோதும் காத்திருந்தேன். தப்பான நேரத்தில் வைத்துத் தோற்றால், கிளினிக்குக்கு இறங்கும் அந்தப் படிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இருநூறானபோது என் கையில் ஆயிரத்து எண்ணூறுதான். ஒன்பது பிளைண்ட்.

அப்போதுதான் துணிந்தேன். ஏஸும் ஏழும் வந்தது. எல்லாவற்றையும் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான் கீழே உருண்டது. ஐந்து பேரும் கவிழ்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தள்ளினேன், மறுபடி கவிழ்த்தார்கள். மூன்றாவது தடவை என்னிடம் இருந்தது ராணியும் ஐந்தும். அதற்கும் கவிழ்த்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். நோட்டில் எழுதியது எழுதியபடி நடக்கிறது. எம்.எஸ்சி. படித்ததற்கு ஏழு வருடத்தில் முதன்முறையாக ஒரு பிரயோஜனம். நான்கு மணிக்குள் மூன்று வீடுகள் வெளியேறின. டோ ம்யாவும் தோற்றுப்போய், சீட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊ டின்னிடம் ஒன்பதாயிரம், காசிம் பாயிடம் ஐயாயிரம், என்னிடம் நாலாயிரம். பிளைண்ட் நானூறு. என் கையில் சரியாகப் பத்து.

"தங்கச்சி ரொம்பத் துணிஞ்சுட்டா" என்றார் காசிம் பாய். "இனிமே நாங்கள்லாம் லாஞ்சிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடவேண்டியதுதான்." லாஞ்சி என்பது இங்கே கைலி.

நான் மறுபடி ஆல்-இன் வைத்தேன். காசிம் பாய் கவிழ்த்தார். ஊ டின் தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுக் கவிழ்த்தார்.

அந்த நொடி கரன்ட் வந்தது. தெரு முழுக்க "மீ லா ப்யி!" என்று கத்தினார்கள். கரன்ட் வந்தால் இந்த ஊரே ஒரே குரலில் அப்படித்தான் கத்தும். மேஜையோரம் இருந்த பெரிய ஃபேன் சுழன்றது. ஊ டின் கவிழ்த்த சீட்டுகள் பறந்து, என் காலடியில் முகம் மேலே தெரிய விழுந்தன.

ஆர்ட்டின் ஏஸ். இஸ்பேட் ஏஸ்.

முதல் இரண்டு சீட்டில் அதைவிடப் பெரிய கை கிடையாது. ஒன்பதாயிரம் வைத்திருப்பவர், என்னிடம் தோற்றாலும் ஐயாயிரத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் அந்தச் சீட்டைக் கவிழ்ப்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. பயமுறுத்தி விரட்டினேன் என்று நான் நினைத்த ஒவ்வொரு ஆட்டமும் தலைக்குள் திரும்பி ஓடியது.

6

ஊ டின் குனிந்து சீட்டைப் பொறுக்கினார். "கண் சரியில்லை. வயதாகிவிட்டது" என்றார்.

"சிவப்பு ஏஸ்கூடத் தெரியாத அளவுக்கா?" என்றேன். பதற்றத்தில் ஆண்பிள்ளைச் சொல்லோடுதான் கேட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

காசிம் பாய்தான் தமிழில் உடைத்தார். "என்ன தங்கச்சி இது. அந்த மெஷினு கர்ர்ருனு ஓடும், பாதியில நிக்கும். அப்புறம் நீ புள்ளையத் தூக்கிக்கிட்டுத் தடதடன்னு எறங்குவ. என் கடை படிக்கு நேரால்ல இருக்கு? எத்தன தடவ பாத்துருக்கேன். எனக்கும் ரெண்டு தடவ நல்ல சீட்டு வந்துச்சு, விட்டுட்டேன்."

"அப்ப ஏன் பாய் கேக்கல?"

"நீ தையல் மெஷினுன்னு சொல்லிட்டியே. அதுக்கு மேல எப்படிக் கேக்கறது? உனக்குச் சங்கடமாயிருமில்ல."

இந்த ஊரில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: அநாடே. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற கூச்சம். அந்தக் கூச்சத்தில் இவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டார்கள், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். லைனைச் சும்மா கொடுத்தால் ஏன் என்று நான் கேட்பேன். காரணம் சொன்னால் என் பொய் உடையும். அதற்காக டோர்னமென்ட் வைத்து, ஐந்து வீட்டுக்காரர்களும் என்னிடம் தோற்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"நான் அப்போதே சொன்னேன்" என்றார் டோ ம்யா கோபமாக. "இவள் அரை மணி நேரம் ஒரு பந்தயமும் வைக்காமல் உட்கார்ந்திருந்தால் எப்படித்தான் தோற்பது? எனக்கு வியர்த்துவிட்டது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது. போயிருந்தால் லைன் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர்களும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்திருப்பார்கள். நானும் மெஷின் ஊசி பாக்கெட்டைப் பத்திரமாக வைத்திருப்பேன். இன்னும் எத்தனை வருடத்துக்கோ.

உட்கார்ந்தேன். பர்மியில் சொன்னேன். "என் மகளுக்கு மூச்சுத் தொந்தரவு இருக்கிறது. மூன்று வருடமாக. அது தையல் மெஷின் இல்லை. எனக்கு அந்த லைன் வேண்டும்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்கள். அதற்கு மேல் எனக்கு மொழி வராது. அதற்கு மேல் சொல்லவும் எதுவுமில்லை.

"கொடுத்தாயிற்று" என்றார் டோ ம்யா, நான் உப்புக் கேட்ட மாதிரி.

ஊ டின் பொத்தான்களை அடுக்கினார். "சரி, சீட்டைப் போடுங்கள். இப்போதாவது ஒழுங்காக ஆடலாம்."

இரண்டு ஆட்டம் கழித்து எனக்கு ஒரு ஜோடிப் பத்து வந்தது. ஆல்-இன் வைத்தேன். கணக்குப்படி அது சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஊ டின் நான் முடிப்பதற்கு முன்னாலேயே கால் சொன்னார். அவரிடம் ஏஸும் ஒன்பதும். நான்கு சீட்டுவரை நான்தான் முன்னால். ஐந்தாவதாக ஒரு ஏஸ் வந்து விழுந்தது. அவர் மேஜையைத் தட்டிச் சிறு பையன் மாதிரி கத்திக்கொண்டு என் பொத்தான் அத்தனையையும் அள்ளிக்கொண்டார்.

7

லைன் எங்கள் வீட்டுக்கு வந்தது. காசிம் பாயின் தயிர் புளித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் அதையே நினைத்துக் குமைந்தேன். நெபுலைசர் ஓடுவது பதினைந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் லைன் சும்மாதானே இருக்கிறது? நான் வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். குமார் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, எங்கள் மின்பெட்டியிலிருந்து பின்சுவர் வழியாகக் கீழே ஒரு ஒயரை இழுத்தார். ஃப்ரீஸரும் நெபுலைசரும் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்காது. எனக்குத் தேவைப்படும்போது காசிம் பாய் ஃப்ரீஸரை நிறுத்த வேண்டும்.

அதை எப்படிச் சொல்வது? போன் பல நாள் எடுக்காது. இங்கே மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் முனையில் கிளிப் இருக்கும். பேப்பர்காரர் பேப்பரைச் செருகிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாங்கள் அதை மாற்றிக் கட்டினோம். நான் மேலே இழுத்தால் கீழே காசிம் பாய் கடை வாசலில் மணி அடிக்கும்.

கடை வாசலில் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். மணி அடித்தால் பத்துப் பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மீன்காரி, சைக்கிள் ரிக்ஷாக்காரர், மகளோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், எல்லோரும். முதல் தடவை இழுக்கும்போது என் கை பாதியில் நின்றது. ஊர் பூராவும் சொல்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்திருக்க முடியாது. செய்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். அவளுக்குப் பதினெட்டு வயதாகும்போது இந்த மணியை எனக்கு எதிராக நினைப்பாளோ என்றுகூட யோசிக்கிறேன்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு மறுபடி டோர்னமென்ட் உண்டு; பரிசு டோ ம்யா செய்யும் கேக் மட்டும். லைனைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானே போய்க் கேட்டேன். "அதைத்தான் கொடுத்தாயிற்றே" என்றார் டோ ம்யா.

நேற்று மதியம், கரன்ட் போயிருந்த நேரம், அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, மகள் பக்கத்து அறையிலிருந்து வந்தாள். தோள் ஏறி இறங்கியது. "அம்மா" என்றாள், தமிழில். போனைக் கையில் பிடித்தபடியே பால்கனிக்கு ஓடிக் கயிற்றை இழுத்தேன். கீழிருந்து காசிம் பாய், "நிறுத்திட்டேன், போடு தங்கச்சி!" என்று கத்தினார். தெரு நிமிர்ந்து பார்த்தது.

"யாருடி அது கத்துறது? என்ன மணி?" என்றாள் அம்மா.

கோயில் மணி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"புள்ளைக்கு இளைப்புமா. கீழ சொன்னேன்" என்றேன். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, மருந்தை ஊற்றி மெஷினைப் போட்டேன். அம்மா போனை வைக்கவில்லை. பதினைந்து நிமிடமும் அந்தச் சின்னத் திரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.